கன்னையன் கண்ணில் பஞ்சு

திருப்பூரில் யாருக்காவது கண் கலங்கினால் "ஏன் அழுகிறாய்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். "பஞ்சு விழுந்திருச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஊர் அப்படி. தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி. நூலிலிருந்து கிளம்பும் பஞ்சுத் தூசி சன்னல் வழியாக வரும், சோற்றில் விழும், தலையில் உட்காரும், நேரம் பார்த்துக் கண்ணுக்குள்ளும் போகும். வீட்டுப் பாடம் எழுதாமல் வந்த பிள்ளைகள்கூட, வாத்தியார் பிரம்பை எடுத்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு "பஞ்சுங்க சார்" என்பார்கள்.

அதனால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு மாலை, ரங்காத்தாள் அந்தச் சின்னப் பொய்யைச் சொன்னபோது, அது இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவே இல்லை.

ரங்காத்தாளுக்குப் பத்து வயது. அவள் அப்பா கிட்டுசாமி, சென்னியப்பன் நிட்டிங் கம்பெனியில் துணி பின்னும் மெஷின் ஓட்டினார். அந்தக் கம்பெனிக்கு ஒரு பூப்பந்து அணி இருந்தது. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த சின்னப் பந்து, நடுவில் வலை, வலைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். தரையில் விழவிடாமல் மட்டையால் அடிக்க வேண்டும். இருபத்தொன்பது புள்ளியை முதலில் எடுக்கிற அணி ஜெயிக்கும்.

அணியில் மற்ற நால்வரும் பகலெல்லாம் மெஷின் ஓட்டிவிட்டு மாலையில் ஆடுகிறவர்கள். கன்னையன் மட்டும் ஆடுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர். அவர் அடிக்கிற அடியைப் பார்த்துவிட்டு, முதலாளி சென்னியப்பனே அவருடைய ஊரான அனுப்பர்பாளையத்துக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டு வந்தார். பேருக்கு அவருடைய வேலை 'துணி செக்கிங்'. ஆனால் ஒரு நாளும் அவர் துணியைத் தொட்டுப் பார்த்ததில்லை. எப்போதும் மட்டையும் கையுமாகத்தான் இருப்பார்.

கன்னையன் குடியிருந்தது ரங்காத்தாள் வீட்டுக்கு அடுத்த வீட்டில். அவள் கம்பெனியில் கழித்துப் போட்ட நூலைச் சுற்றிப் பழகுவதற்குப் பந்து செய்து கொடுப்பாள். அவர் அவளுக்கு அடிக்கச் சொல்லிக்கொடுப்பார். "கன்னையண்ணன்" என்றால் அவளுக்கு உயிர்.

அன்று மாலை திருப்பூரில் இறுதி ஆட்டம். எதிரே கோயமுத்தூர் மில் அணி. அதில் சுப்பண்ணன் என்று ஒருவர், அவருடைய மீசையைப் பார்த்தாலே பந்து பயந்து திரும்பி ஓடும். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்தாயிற்று. மூன்றாவது ஆட்டத்தில் இந்தப் பக்கமும் இருபத்தெட்டு, அந்தப் பக்கமும் இருபத்தெட்டு. மைதானத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

கடைசிப் பந்து கன்னையனிடம் வந்தது. வேகமில்லாமல், மெதுவாக, தோளுக்கு நேராக வந்தது. ரங்காத்தாள் அடித்தால்கூட அந்தப் பக்கம் போகும். கன்னையன் அடித்தார். பந்து நேராக வலையில் போய் விழுந்தது.

கோயமுத்தூர்க்காரர்கள் குதித்தார்கள். கன்னையன் மட்டையைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

பக்கத்தில் நின்ற தங்கவேலு அவளுடைய வகுப்புப் பையன். ஊரில் எது நடந்தாலும் முதலில் சத்தம் போடுகிறவன் அவன்தான்.

"ஏ ரங்காத்தா! உன்ற அண்ணன் அழுகறாரு பாரு! அத்தாப் பெரிய ஆளு, குழந்தையாட்ட அழுகறாரு!" என்றான்.

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். ரங்காத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் அழுகலை! அவரு கண்ணுல பஞ்சு விழுந்திருச்சு! அதனாலதான் பந்தே தெரியலை!" என்று கத்தினாள்.

"ஓ, பஞ்சா?" என்றான் தங்கவேலு. அவன் வாய் அடைத்துப் போயிற்று. திருப்பூரில் பஞ்சு என்று சொன்னால் அதற்கு மேல் யார் கேள்வி கேட்பார்கள்?

பொய் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருந்தால் பரவாயில்லை. அது ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையில் பால்காரர், "கன்னையனுக்குக் கண்ணு செவந்து போச்சாம்" என்றார். டீக்கடையில் அது, "பஞ்சு இல்லீங்க, மெஷின் ஊசி ஒடைஞ்சு கண்ணுல தெறிச்சிருச்சாம்" என்று ஆயிற்று. மத்தியானம் தையல் பிரிவில், "கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி ஆப்பரேசன் பண்ணோணுமாமா" என்று பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் தங்கவேலு மூச்சிரைக்க ஓடி வந்து, "ஏ, உங்க அண்ணனுக்குக் கண்ணாடிக் கண்ணு வெச்சுட்டாங்களாமா! நிசமா?" என்று கேட்டான்.

எதிர்வீட்டு மருதம்மாள் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக்கொண்டு கன்னையன் வீட்டுக்குப் போனார். இன்னொருவர் கொத்தமல்லி ஊறிய தண்ணீரோடு வந்தார். கன்னையன் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். 'அழுதேன்' என்று சொல்வதற்கு வெட்கம். பூவைக் கண்ணில் வைத்துக்கொள்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்:

"சித்திரையில அவிநாசித் தேருக்கு நடக்குதுல்ல, அந்தப் போட்டியில கன்னையன் ஆடலையாம். முதலாளி நிறுத்திட்டாரு."

ரங்காத்தாள் சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு விழித்தாள். "ஏனுங்கப்பா?"

"கண்ணு சரியில்லாதவன் எப்படிப் பந்தைப் பார்ப்பான்? அவனுக்குப் பதிலா முதலாளியோட மச்சினன் ஆத்தப்பன் ஆடறாரு. இனி ஆட முடியாதுன்னு ஆயிட்டா, கன்னையன் ஊருக்கே போக வேண்டியதுதான். பாவம்."

"கன்னையண்ணன் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"முதலாளி கேட்டாரு, 'கண்ணு எப்படி இருக்குது'ன்னு. 'கொஞ்சம் உறுத்துதுங்க'ன்னு அவனே சொல்றான். அப்பறம் என்ன பண்றது?"

அதற்குப் பிறகு ரங்காத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆசையாய்ச் சொன்ன ஒரு பொய், அண்ணனை ஊரை விட்டே துரத்தப் போகிறது. 'நான் கட்டின முடிச்சு. நான்தான் அவுக்கோணும்' என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்தும் விடியாமலும் இருக்கும்போதே பின்பக்கம் 'டப்... டப்' என்று சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தாள். கம்பெனியின் பின்சுவரில் கரியால் ஒரு கோடு. கோட்டின் உயரம் வலையின் உயரம். கன்னையன் பந்தை மெதுவாகத் தானே தூக்கிப் போட்டு அந்தக் கோட்டுக்கு மேலே அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பந்தும் கோட்டுக்குக் கீழே போகவில்லை. அன்றைக்கு வலையில் விட்ட அதே மாதிரிப் பந்தைத்தான் அவர் அடித்துப் பழகுகிறார் என்று ரங்காத்தாளுக்குப் புரிந்தது.

"அண்ணா! உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது!"

கன்னையன் திடுக்கிட்டுத் திரும்பினார். சட்டென்று ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மூட வேண்டிய கண் எது என்று சந்தேகம் வந்து, அதைத் திறந்து இன்னொன்றை மூடினார்.

ரங்காத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "மூடாதீங்கண்ணா. அந்தப் பஞ்சை விட்டது நான்தானுங்க. தங்கவேலு சிரிச்சான்னு பொய் சொல்லிப் போட்டேன்."

கன்னையன் இரண்டு கண்களையும் திறந்து அவளைப் பார்த்தார். "நீயா? நான் டீக்கடைக்காரருன்னு நெனைச்சேன்" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "விடு கண்ணு. நீ நல்லதுக்குத்தான் சொன்னே."

"வாங்க, முதலாளிகிட்டப் போயி நிசத்தைச் சொல்லலாம்."

"எப்படிச் சொல்றது? ஆம்பளை நானு, ஆயிரம் பேரு பார்க்க அழுதேன்னு சொல்றதா? அதுவும் சம்பளம் வாங்கிட்டு ஆடறவன்!"

"ஏனுங்கண்ணா, ஆட்டம் முடிஞ்சப்போ ஆத்தப்பன் மாமா அழுதாருங்களா?"

"அவரு எதுக்கு அழுகறாரு? வெளிய உக்காந்திருந்த மாத்து ஆளு."

"உக்காந்திருக்கலீங்க. போண்டா வாங்கப் போயிட்டாரு. நான் பார்த்தேன். அவரு அழுகவே இல்லை. நீங்க அழுதீங்க. இன்னைக்கு இருட்டுல எழுந்து இந்தச் சுவத்துல அடிக்கறதும் நீங்கதான். அவரு இன்னும் தூங்கறாரு."

கன்னையன் கையிலிருந்த பந்தை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு, "வா, போலாம். ஆனா நீ பேசு. எனக்கு நாக்கு வராது" என்றார்.

கம்பெனி திறந்ததும் போனார்கள். முதலாளி சென்னியப்பன் தன் அறையில், முன்னாலிருந்த மேசை நிறையத் துணியைப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முரட்டு ஆள் இல்லை. ஆனால் பூப்பந்து என்று வந்துவிட்டால் சொந்தத் தம்பிக்குக்கூட இரக்கம் காட்டமாட்டார். மூலையில் மச்சினன் ஆத்தப்பன் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்.

"என்ன கன்னையா, கண்ணு எப்படி?" என்றார் முதலாளி.

"நல்லாத் தெரியுதுங்க" என்றார் கன்னையன்.

"நேத்து உறுத்துதுன்னே. இன்னைக்குத் தெரியுதுங்கறே. சரி, இந்தத் துணியில எங்கயோ ஒரு ஓட்டை இருக்குது. எங்கன்னு சொல்லு பார்க்கலாம்."

கன்னையன் துணியை வாங்கினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வாழ்நாளிலேயே அவர் துணி செக்கிங் செய்வது அதுதான் முதல் தடவை.

"எல்லாமே ஓட்டையாத்தானுங்க இருக்குது" என்றார்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு! கண்ணு முழுசாப் போயிருச்சு!"

"இல்லீங்க!" என்று ரங்காத்தாள் முன்னால் வந்தாள். "அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது. அந்த வேலைதானுங்க தெரியாது. செக்கிங்னு பேருதான், ஒரு நாளும் பார்த்ததில்லீங்க."

முதலாளி இருமினார். அது அவருக்குத் தெரியாத விஷயமா என்ன? "நீ கிட்டுசாமி புள்ளைதான? உனக்கு இங்க என்ன வேலை?"

ரங்காத்தாள் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "அன்னைக்கு அவரு கண்ணுல பஞ்சு விழலீங்க. அழுதாருங்க. பஞ்சுன்னு நான்தான் பொய் சொன்னனுங்க."

ஆத்தப்பன் வாயில் முறுக்கு உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

"நிசமா கன்னையா?" என்றார் முதலாளி.

கன்னையன் தரையைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். "ஆமாங்க. அழுதனுங்க. தோத்ததைத் தாங்க முடியலீங்க. அத்தனை சுலபமான பந்துங்க அது."

ஆத்தப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆம்பளை அழுகறதா! ஏன், நானும்தான் அந்த அணியில இருந்தேன். நான் அழுதனா?"

ரங்காத்தாள் அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, அன்னைக்குக் கடைசிப் பந்து எப்படிங்க வந்துச்சு?"

"எந்தப் பந்து?" என்றார் ஆத்தப்பன்.

முதலாளி மெதுவாக மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். ஆத்தப்பன் முறுக்கை மென்றபடி, "அந்த... கடைசியா வந்ததுதான? வேகமா வந்துச்சு" என்றார்.

"மெதுவா வந்துச்சு" என்றார் முதலாளி. "தோளுக்கு நேரா வந்துச்சு. ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினா அந்தப் பந்துதான் வருது."

சொல்லிக்கொண்டே, மேசைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த மஞ்சள் பந்தை எடுத்தார். திடீரென்று கன்னையனை நோக்கி வீசினார். கன்னையனின் மட்டை தோளிலிருந்து இறங்கியது. பந்து முதலாளியின் கையோரமாகப் பறந்து, மேசை ஓரத்தில் இருந்த மணியில் பட்டது.

'டிங்!'

பியூன் அர்த்தநாரி ஓடி வந்தார். "கூப்பிட்டீங்களாங்க?"

"நான் கூப்பிடலை. கன்னையன் கூப்பிட்டான்" என்றார் முதலாளி. "எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா. அப்படியே லாரிக்காரன்கிட்டச் சொல்லு, அவிநாசிக்குக் கன்னையனும் வர்றான்னு."

ரங்காத்தாளுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குள் முதலாளி கன்னையனிடம் விரலை நீட்டினார். "மறுபடியும் தோத்தா அழுவியா?"

"அழுவனுங்க" என்றார் கன்னையன். "ஆனா தோக்காம இருக்கறதுக்கு என்னென்ன பண்ணோணுமோ, அத்தனையும் பண்ணிப் போடறனுங்க."

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் ரங்காத்தாள் பந்து போட்டாள், கன்னையன் அடித்தார். வேறு பந்து கிடையாது. மெதுவாக, தோளுக்கு நேராக, அதே பந்து. அவளுக்குத் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. 'போதும்' என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. வலை உயரத்துக்குக் கோடு போட்ட சுவரில் அந்த ஓர் இடம் மட்டும் வெள்ளை உதிர்ந்து செங்கல் தெரிந்தது.

தெருவில் பையன்கள் சும்மா இருப்பார்களா? "அழுமூஞ்சிக் கன்னையன்!" என்று கத்தினார்கள். கன்னையன் நின்று, "ஆமாம் சாமி, அழுதேன். எம்பட பந்து, நானே விட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒப்புக்கொள்கிறவரை என்ன கேலி செய்வது? இரண்டு நாளில் அவர்களுக்கே சலித்துப் போயிற்று. தங்கவேலு மட்டும் கண்ணாடிக் கண் இல்லை என்பதில் கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தான்.

சித்திரை வந்தது. அவிநாசியில் தேர்க் கூட்டம். கம்பெனி லாரியில் எல்லோரும் ஏறிப் போனார்கள். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது அதே கோயமுத்தூர் மில் அணி. அதே சுப்பண்ணன், அதே மீசை.

முதல் ஆட்டம் அவர்களுக்கு. இரண்டாவது நமக்கு. மூன்றாவதில் கன்னையன் அணி பின்னால் போவதும் எட்டிப் பிடிப்பதுமாக இருந்தது. ரங்காத்தாள் அப்பாவின் கையைக் கிள்ளியதில் அவர் கை சிவந்துவிட்டது. கடைசியில் பலகையில் இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு.

பந்து வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. சுப்பண்ணன் தந்திரமாக மட்டையைத் தளர்த்திப் பந்தைத் தட்டிவிட்டார். அது மெதுவாக, தோளுக்கு நேராக, கன்னையனிடம் வந்தது.

கன்னையன் அவசரப்படவில்லை. கரிக்கோட்டுக்கு மேலே அடிப்பதுபோல அடித்தார். பந்து சுப்பண்ணனுக்கு நேராகப் போயிற்று. அவர் மட்டையை வீசினார். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, அவர் காலடியிலேயே விழுந்தது.

அவிநாசியே அதிர்ந்தது. முதலாளி அர்த்தநாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கிட்டுசாமி மகளைத் தூக்கித் தோளில் வைத்தார். உயரத்திலிருந்து பார்த்தபோது ரங்காத்தாளுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. சுப்பண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். பெரிய கைகளால் முகத்தை மூடியிருந்தார். மீசை நனைந்து தொங்கியது.

தங்கவேலுவும் அதைப் பார்த்துவிட்டான். "ஏ! அங்க பாரு, மீசைக்காரரு..." என்று தொடங்கியவன், அண்ணாந்து ரங்காத்தாளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "அவரு கண்ணுல பஞ்சு விழுந்திருச்சா?"

"இல்லடா. அழுகறாரு" என்றாள் ரங்காத்தாள். "கடைசிப் பந்து அவருதுதான?"

தங்கவேலு தலையைச் சொறிந்தான். அதற்குப் பிறகு அவன் சத்தம் போடவில்லை.

கன்னையன் வலைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். சுப்பண்ணன் பக்கத்தில், தரையில், அவரும் உட்கார்ந்துகொண்டார். இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து நீட்டினார். சுப்பண்ணன் அதை வாங்கி முகத்தைத் துடைத்து, மீசையையும் அழுத்தித் துடைத்தார்.

"அடுத்த போட்டி எங்கீங்க?" என்று கேட்டார்.

"ஈரோட்டுலீங்க, வைகாசியில."

"வர்றனுங்க. விடமாட்டேன்."

"வாங்க. நானும் விடமாட்டனுங்க" என்றார் கன்னையன்.

திரும்பும்போது லாரியில் ஒரே பாட்டும் கூத்துமாக இருந்தது. ஆத்தப்பன் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். ரங்காத்தாள் கன்னையன் பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்கும் தன் தோளைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த சுப்பண்ணன் சும்மா விடமாட்டாரு கண்ணு. நாளைக்கு விடியக்காலம் பந்து போட வருவீல்ல?" என்றார் கன்னையன்.

"வர்றேன். ஆனா பாதி நேரம் நீங்க பந்து போடோணும். நான் அடிக்கோணும்."

கன்னையன் சிரித்தார். தன் மட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.